மெலிவை எதனால் அளப்பது?



வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம், வாசற்படி ஏறுவதற்கு முன்பே காதில் விழும் சொல் ஒன்று உண்டு: "ஐயோ, இளைத்துப் போய்விட்டாயே!" தில்லியில் அலுவல் பார்ப்போரும், மும்பையில் வாணிகம் செய்வோரும், மூன்று நாட்கள் கப்பலில் கடல் கடந்து அந்தமானிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்குவோரும் இச்சொல்லுக்குத் தப்பியவர் அல்லர். அதைச் சொல்லும் தாயின் கையிலோ அத்தையின் கையிலோ தராசு இல்லை, அளவுகோலும் இல்லை. இன்று பார்க்கும் கண்ணும், சென்ற முறை பார்த்த நினைவுமே அவர்களுடைய கருவிகள்.

மருத்துவ முகாம்களில் நிகழ்வது வேறு. அங்கே நம்மைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்க்கின்றனர்; எடை பார்க்கும் எந்திரத்தின் மீது ஏற்றுகின்றனர். ஒரு கணக்குப் போட்டு, "நீங்கள் மெலிவு" என்றோ, "குறை ஒன்றும் இல்லை" என்றோ சீட்டில் எழுதித் தருகின்றனர். முகமும் கையும் பார்க்கப்படுவதில்லை. சென்ற ஆண்டு எப்படி இருந்தோம் என்ற வினாவும் எழுவதில்லை. ஒருவர் அளவுக்கு மீறி மெலிந்திருக்கிறாரா என்பதை உயரமும் எடையும் மட்டுமே காட்டிவிடுமா? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதலில் அக்கணக்கு யாதெனக் காண்போம். எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டரில் அளந்த உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்க வேண்டும். கிடைப்பது உடல் நிறை எண். மருத்துவர்கள் இதைப் பி.எம்.ஐ. என்று சுருக்கமாக அழைப்பர். வயது வந்தோருக்கு இவ்வெண் 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்றும், 16க்குக் கீழே இறங்கினால் கடுமையான மெலிவு என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது.

இக்கணக்கைக் கண்டவர் மருத்துவர் அல்லர் என்பது வியப்புக்குரிய செய்தி. பெல்ஜிய நாட்டு வானியலறிஞரும் புள்ளியியல் வல்லுநருமான அடால்ப் கெட்லே என்பவர், வளர்ந்த மனிதர்களின் எடை பெரும்பாலும் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது என்று 1832இல் எடுத்துக்காட்டினார். அவர் தேடியது நோயாளியை அன்று. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் 'சராசரி மனிதனை'. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின், 1972இல், அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவருடைய தோழர்களும் இதற்கு உடல் நிறை எண் என்ற பெயரைச் சூட்டினர். அவர்கள் கருத்தில் இருந்ததும் மக்கள் தொகுதிகளை ஒப்பிடும் ஆராய்ச்சியே. ஊருக்கென்று பிறந்த அளவு காலப்போக்கில் ஆளுக்கென்று ஆகிவிட்டது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஆகவே ஒரு சோறு பானைக்குச் சாட்சி சொல்கிறது. மனித உடலோ எலும்பு, தசை, கொழுப்பு, நீர், குருதி என்று பலவும் சேர்ந்தது. எந்திரம் இவை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தே நிறுக்கிறது. எது கூடியது, எது குறைந்தது என்று பிரித்துச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

எல்லைக்கோட்டில் நிற்பவரை எண்ணிப் பாருங்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 50 கிலோ இருந்தால் அவருடைய எண் 18.4, அவர் மெலிந்தவர். அவர் ஒரு லிட்டர் தண்ணீர் அருந்திவிட்டு மீண்டும் எந்திரத்தில் ஏறினால் எண் 18.7, அவர் நலமானவர்! ஒரு செம்புத் தண்ணீர் ஒருவரை நலமானவர் ஆக்குமாயின், அக்கோட்டை வாழ்வுக்கும் நோவுக்கும் இடையே உள்ள மதில் என்று கருதுவது தகாது.

முதியோர் நிலை இன்னும் நுட்பமானது. இளமையில் 156 சென்டிமீட்டர் உயரம் இருந்த மூதாட்டி ஒருவர் முதுகு கூனி 152 சென்டிமீட்டராகக் குறுகிவிட்டார் என்று கொள்வோம். எடை 45 கிலோ. பழைய உயரத்தில் கணக்கிட்டால் எண் 18.5ஐ எட்டுவதில்லை, கூனிய உயரத்தில் கணக்கிட்டால் 19.5 ஆகிவிடுகிறது. ஒரு கவளம்கூடக் கூடுதலாக உண்ணாமல், முதுகு வளைந்த ஒரே காரணத்தால் அவர் மெலிந்தோர் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறார். அவருடைய தொடையிலும் தோளிலும் தசை கரைந்து போனதை அந்த எண் சொல்வதில்லை.

பட்டினியே எடையை மறைத்துவிடுவதும் உண்டு. முன்னர்க் கூறிய ஆன்செல் கீஸ், இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 முதல் 1945 வரை, மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தாமாக முன்வந்த 36 இளைஞர்களைக் கொண்டு அரைப்பட்டினி ஆராய்ச்சி ஒன்றை நடத்தினார். 24 வாரங்களில் அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். அவர்களில் பலருக்குக் கால்கள் வீங்கின. வீக்கம் என்பது நீர். நீருக்கும் எடை உண்டு. உள்ளே தசை கரையக் கரைய, வெளியே நீர் சேர்ந்து தராசை ஏமாற்றுகிறது. இதனாலேயே, உணவுக் குறையால் இரு பாதங்களிலும் வீக்கம் காணும் குழந்தையை, எடை எவ்வளவு இருப்பினும், கடும் ஊட்டக்குறை உடைய குழந்தையாகவே மருத்துவர்கள் கருதுகின்றனர்.

பசியின் கொடுமை அந்தமானுக்குப் புதிதன்று. 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைப்பற்றிய அத்தீவுகள் 1945 வரை அவர்கள் வசம் இருந்தன. வெளியிலிருந்து அரிசி கொண்டுவரும் கப்பல்கள் நின்றுபோகவே, போரின் கடைசி மாதங்களில் தீவு மக்கள் பெரும் பட்டினிக்கு ஆளாயினர். அத்தகைய காலத்தில் மெலிவைக் காண எந்திரம் வேண்டியதில்லை. எலும்பும் தோலுமாக நிற்பவரைக் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய ஊட்டக்குறையோ பெரும்பாலும் கண்ணுக்கும் புலப்படுவதில்லை, எந்திரத்துக்கும் புலப்படுவதில்லை.

இதற்கு அத்தீவுகளே தக்க சான்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு, அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும் பெண்களின் உயரத்தையும் எடையையும் அளந்தது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தும் சோதித்தது. உயரத்தையும் எடையையும் கொண்டு பார்த்தால், மெலிந்த பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் எடை மிகுந்தவர்கள். இத்துடன் நிறுத்தியிருந்தால், தீவுகளில் பெண்கள் நன்றாக உண்டு வாழ்கின்றனர் என்ற முடிவுக்கே வந்திருப்போம். இரத்தத் துளியோ வேறொன்றைச் சொன்னது: பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தச்சோகை!

நாம் பிறந்த தமிழ்நாட்டிலும் நிலைமை வேறன்று. அதே ஆய்வில் 12.6 விழுக்காட்டுப் பெண்களே எடை குறைந்தவர்கள், 40.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். இரத்தச்சோகை உடையவர்களோ 53.4 விழுக்காட்டினர். விரல் நுனி இரத்தத்தில் செய்யும் சோதனை குறையைச் சற்று மிகுத்துக் காட்டக்கூடும் என்று கூறும் அறிஞர்கள் உண்டு. அவர்கள் கூற்றை ஏற்று இத்தொகையைப் பாதியாகக் குறைத்தாலும், எடைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள பள்ளம் தூர்ந்துவிடப் போவதில்லை.

இப்பள்ளத்தில் விழுபவர் யார்? காலையில் வீட்டாருக்குச் சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்குச் சென்று, மாலையில் திரும்பும் பெண். மீந்த சோற்றையும் குழம்பையும் கடைசியாக உண்பவள். வயிறு நிறைகிறது, அரிசி எடையையும் காத்துவிடுகிறது. கீரையும் பருப்பும் மீனும் முட்டையும் அவள் தட்டுக்கு வருமுன் தீர்ந்துவிடுகின்றன. அந்தமானைச் சுற்றிலும் கடல் மீன் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் காய்கறியிலும் பருப்பிலும் பெரும்பகுதி கப்பலில் வந்து சேர வேண்டியவை. கப்பல் தாமதித்தால் விலை ஏறும். விலை ஏறினால் முதலில் குறைவது அவளுடைய பங்கு. படியேறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது. "எடை சரியாகத்தானே இருக்கிறது" என்ற ஒரு சொல்லால் அவளுடைய முறையீடு முடித்துவைக்கப்படுகிறது. நாம் அஞ்ச வேண்டிய தீங்கு இதுவே. மெலிந்தவரை மெலிந்தவர் என்று எண் காட்டுவது நன்மை. அது மௌனமாக இருக்கும்போது அம்மௌனத்தை நலம் என்று கொள்வதே கேடு.

உடலமைப்பின் வேற்றுமையையும் கருத வேண்டும். அந்தமானில் குடியேறிய மக்களைப் போலப் பல குலத்தார் ஓரிடத்தில் கூடிய நிலப்பகுதி நம் நாட்டில் அரிது. தீவின் ஆதிகுடிகள், தென்தீவுகளில் நிக்கோபாரியர், சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு வந்து ராஞ்சிக்காரர் என்று பெயர் பெற்றவர்கள், பர்மாவிலிருந்து 1925இல் வந்த கரேன்கள், நாட்டுப் பிரிவினைக்குப் பின் வந்த வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், நம் தமிழர் ஆகியோர் அனைவரும் அங்கே அண்டை வீட்டார். தமிழருள்ளும், போர்ட் பிளேர் என்று வழங்கி 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்ற பெயர் பெற்ற தலைநகரில் வாணிகத்துக்கும் அலுவலுக்கும் சென்றோர் உண்டு. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் ஒரே கோடு.

ஒரே கோடு ஒரே பொருளைத் தருவதில்லை என்பதற்கு ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் சான்றாவர். அவர்களுக்கு உடற்பகுதியை நோக்கக் கால்கள் நீளம். கால் நீண்டவரின் உயரம் கூடுகிறது. எடை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே உடலில் போதிய கொழுப்பும் தசையும் இருந்தும் அவர்களுடைய எண் தாழ்ந்து நிற்கிறது. அவர்களை மெலிந்தவர்கள் என்று எழுதிவிடுவது பிழை.

நம்மவர் நிலை இதற்கு நேர்மாறு. புணே நகரத்து மருத்துவ அறிஞர் யாக்னிக்கும், இலண்டன் மருத்துவ அறிஞர் யுட்கினும் 2004இல் ஒரு மருத்துவ இதழில் தங்களையே சான்றாக வைத்து எழுதினர். இருவருடைய உடல் நிறை எண்ணும் 22.3. இருவரும் ஒல்லியாகவே தோற்றமளித்தனர். ஆயினும் இலண்டன் அறிஞரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, புணே அறிஞரின் உடலிலோ 21.2 விழுக்காடு! நம் நாட்டில் ஒல்லியாகத் தோன்றுவோர் பலர் தசை குறைந்து கொழுப்பு மிகுந்தவர்கள். சர்க்கரை நோய்க்கு எளிதில் இலக்காகிறவர்கள். அவரை நோக்கி, "நீ மெலிந்திருக்கிறாய், நெய்யும் இனிப்பும் நிறையச் சாப்பிடு" என்று அன்போடு ஊட்டுவது மருந்தாகாது. அவருக்கு வேண்டியது தசையை வளர்க்கும் உணவும் உழைப்பும்.

குழந்தைகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். 18.5 என்ற கோடு வயது வந்தோருக்கே உரியது. குழந்தையின் எடையையும் உயரத்தையும் அதன் வயதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை, ஆறு நாடுகளில் நன்கு பேணப்பட்ட குழந்தைகளை அளந்து வகுத்தது. அந்த ஆறில் நம் நாடும் ஒன்று. அங்கன்வாடியில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டையில் புள்ளிகளை இட்டு, கோடு ஏறுகிறதா, தட்டையாகிறதா, சரிகிறதா என்று காண்பதே முறை.

இங்கே ஒரு மறைவான பொறி உள்ளது. பல மாதங்கள் போதிய ஊட்டம் கிடைக்காத குழந்தை உயரமாக வளர்வதில்லை. உயரம் குறைந்தபின், அந்தக் குட்டை உயரத்துக்கு ஏற்ற எடை இருந்தாலே போதும். குழந்தை மெலிவானதாகத் தோன்றாது. தாயும், "பார்க்க உருண்டையாகத்தானே இருக்கிறான்" என்று மகிழ்வாள். அந்தமான் தீவுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று முன்கூறிய ஆய்வே காட்டியது. ஆகவே ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளப்பதும் வழக்கம். அது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறை, 12.5க்குக் குறைந்தால் எச்சரிக்கை. ஒரு சாண் நாடா, எந்திரம் எட்டாத தீவுக்கும் எட்டும்.

எண்ணின் குறைகளை இவ்வளவு எடுத்துரைத்தபின், எண்ணே வேண்டாம் என்று கூறுவோமா? கூறமாட்டோம். அவ்வாறு கூறுவதில் பேராபத்து உண்டு என்பதை நம் நாட்டு வரலாறு காட்டியிருக்கிறது. 1980களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர், ஏழை நாட்டு மக்களில் பலர் உருவத்தால் சிறியவர்களே அன்றி நலத்தால் குறைந்தவர்கள் அல்லர் என்று வாதிட்டார். கேட்பதற்கு இனிமையான வாதம்; பசித்தவன் கணக்கை ஒரே வரியில் தீர்த்துவிடும் வாதம்.

இதனை வன்மையாக மறுத்தவர் சேலத்தில் 1918இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் தலைமை தாங்கிய ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேரும் தமிழ்நாட்டில்தான் ஊன்றியது: 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, 1969இல் அப்பெயர் பெற்றது. குட்டையான உருவம் ஏழ்மைக்கு உடல் செலுத்திய விலை என்றார் கோபாலன். அவ்வுருவத்தோடு உழைப்புத்திறன் குறைகிறது. அப்படி வளர்ந்த தாய்க்குப் பிறக்கும் குழந்தையும் எடை குறைந்தே பிறக்கிறது. இதை நலம் என்று பெயரிட்டு மூடிவிடலாகாது என்பது அவர் துணிபு. 2019இல் நூறு வயது நிறைந்து மறையும் வரையில் நாட்டின் ஊட்டநலத்துக்குப் பாடுபட்ட அவருடைய எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

ஆகவே, எண் தாழ்ந்திருந்தால், "எங்கள் குடும்பமே ஒல்லி, பாட்டனாரும் இப்படித்தான்" என்று தள்ளிவிடுவது சரியன்று. குடும்ப உடல்வாகு என்பது உண்டு. ஆனால் அது சோதித்து அறிந்தபின் வர வேண்டிய முடிவு. சோதிக்காமல் இருப்பதற்கு உரிய சாக்கு அன்று. எண் உயர்ந்திருந்தாலும் அதுபோலவே வினவாமல் விடலாகாது.

எவற்றை வினவுவது? முதல் வினா மாற்றத்தைப் பற்றியது. 170 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உடைய ஒருவர் ஆறு மாதத்தில் தாம் முயலாமலே 66 கிலோ ஆகிவிட்டார் என்று கொள்வோம். எண் 27இலிருந்து 22.8க்கு இறங்கியிருக்கிறது. எந்திரம் அவரைப் பாராட்டும், நண்பர்களும் பாராட்டுவர். உண்மையில் அவர் தம் எடையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கிறார். முயற்சியின்றி ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் எடை குறைந்தால், எண் எதுவாயினும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சர்க்கரை நோய், காசநோய், தைராய்டுக் கோளாறு, புற்றுநோய், மனச்சோர்வு ஆகிய எதுவும் அதன் பின்னே நிற்கலாம். சென்ற முறை கண்ட நினைவோடு நம்மைப் பார்க்கும் தாய் கேட்பது இந்த முதல் வினாவைத்தான். எந்திரம் அறியாத ஒன்றை அவர் அறிந்திருக்கிறார்.

இரண்டாவது, வலிமை. முன்பு தூக்கிய குடத்தைத் தூக்க முடிகிறதா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? மூன்றாவது, இரத்தம். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்ணுக்கு 11 கிராமுக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் அது சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் சோதிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் அங்கே கிடைக்கும். நான்காவது, தட்டு. வீட்டில் யார் எதை, எந்த வரிசையில் உண்கின்றனர்? ஐந்தாவது, மனம். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் உணவைக் குறைத்துக்கொண்டே போகிறாளா, உண்பதற்கு அஞ்சுகிறாளா, மாதவிலக்கு நின்றுவிட்டதா? எடை இன்னும் கோட்டுக்கு மேலே இருப்பினும் இது நோயே; கண்டிப்பதால் தீராது, சிகிச்சையால் தீரும்.

மொழிபெயர்ப்பை நாள்தோறும் கையாளும் நாம் இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். தமிழில் இளைத்தல் என்றால் உடல் மெலிதல். இளைப்பு என்றாலோ களைப்பும் ஆகும். மூச்சு வாங்குதலும் ஆகும். ஊரில் ஒரு மருத்துவரிடம் "இளைப்பாக இருக்கிறது" என்றால் அவர் எந்த இளைப்பு என்று கேட்டுத் தெளிவார். இந்தி வழங்கும் ஊரிலோ, அந்தமானைப் போல இந்தியே பொதுமொழியான தீவிலோ, நம்மவர் இவை அனைத்தையும் 'கம்ஜோரி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். அச்சொல் பலவீனம் என்பதற்கு மேல் ஒன்றையும் தெரிவிப்பதில்லை. எடை குறைந்ததா, மூச்சு வாங்குகிறதா, பசி இல்லையா என்பவை அதனுள் மறைந்துபோகின்றன. நோயாளி சொல்லாததையும், எந்திரம் காட்டாததையும் மருத்துவர் எங்ஙனம் அறிவார்?

ஆதலால் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். சென்ற ஆண்டு எடை எவ்வளவு, இவ்வாண்டு எவ்வளவு. எத்தனை மாதத்தில் குறைந்தது. எந்த வேலை முன்போல் முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ உண்டா. இரத்தம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது. ஐந்தே வரிகள். எந்த மொழியிலும் பெயர்த்துச் சொல்லத்தக்க எளிய செய்திகள். மருத்துவர் எண்ணை மட்டும் பார்த்துச் சீட்டைத் திருப்பித் தருவாராயின், இத்தாளை அவர் முன் வைத்து, "ஐயா, இவற்றையும் பார்க்க வேண்டுகிறோம்" என்று கேட்பது பணிவின்மை ஆகாது. அது நம் உரிமை.

உயரமும் எடையும் நமக்குப் பகையல்ல. கோடிக்கணக்கான மக்களை விரைவில் சலித்து, யாரை முதலில் கவனிப்பது என்று காட்டும் எளிய சல்லடை அவை. சல்லடையில் தங்கியவரை நோக்கி, "உமக்கு என்ன குறை?" என்று கேட்பது மருத்துவத்தின் தொடக்கம். சல்லடையில் தங்காமல் சென்றவரையும் ஒருமுறை நிறுத்தி அதே வினாவைக் கேட்பது, வீட்டிலுள்ள நம் கடமை. இந்த வாரமே வீட்டில் எல்லாருக்கும் கடைசியாக உண்பவர் யார் என்று பாருங்கள். அவருடைய இரத்தத்தை முதலில் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.